ஆள் அரவமில்லாத ஊரில் ஐம்பது சென்ட் வாங்குவது எப்படி?

சின்னதாக ஓர் இடம், நாலு தென்னை, திண்ணை வைத்த ஓட்டு வீடு, சுற்றுவட்டாரத்தில் ஒரு மனிதர் இருக்கக்கூடாது. இந்த ஆசையோடு வருகிறவர்களை ஆனைக்கட்டி, தாண்டிக்குடி, ஏலகிரி, கொல்லிமலைப் பக்கத்துத் தரகர்கள் கார்க் கண்ணாடி இறங்கும்போதே கண்டுகொள்வார்கள். சென்ட் விலை அந்த இடத்திலேயே முடிவாகிவிடும். ஆகவே பேரம் பேசும் உத்தேசம் உள்ளவர்கள் பஸ்ஸில் போகவும். “ஆஹா, என்ன காற்று!” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். அந்த ஒரு ஆஹாவுக்கே சென்ட்டுக்குப் பத்தாயிரம் ஏறும்.

தரகர் சொல்வதை அப்படியே நம்பலாம், முழுதாகக் கேட்டால். “இங்க ஆனை வருமாங்க?” என்று கேளுங்கள். “சேச்சே, வராதுங்க சார். வந்தாலும் ராத்திரியிலதான் வருமுங்க” என்பார். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நீங்கள் குடியேறிய கையோடு நடப்போவது வாழையும் பலாவும்தான் என்பது யானைக்கும் தெரியும்.

அடுத்தது பத்திரம். பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம், முப்பது வருஷ வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் வாங்கி ஃபைலில் போட்டுக்கொள்ளுங்கள். ஃபைல் கனமாக இருந்தால் தைரியமாக இருக்கும். ஐம்பது சென்ட் என்று பேசிய நிலம் பட்டாவில் சுமார் 20 ஏர்ஸ் என்று இருக்கும். பயப்படாதீர்கள், இரண்டும் ஒன்றுதான். பயப்பட வேண்டிய இடம் வேறு. வில்லங்கச் சான்றில் பதிவான வில்லங்கம் மட்டும்தான் வரும். தாத்தா காலத்தில் வேப்பமரத்தடியில் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகம் அதில் வராது. 1980களின் யுடிஆர் நில உடைமைப் பதிவில் பெரியப்பா நிலம் சித்தப்பா பேருக்கு மாறிப்போன கதையும் வராது. இதெல்லாம் டீக்கடையில் கிடைக்கும். அங்கே இரண்டு டீ கூடுதலாகச் சொல்வது வக்கீல் கட்டணத்தில் பாதியை மிச்சப்படுத்தும்.

பிறகு விற்பவரின் அத்தைமார். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டத்தைத் திருத்தியது. 2005இல் மத்திய அரசும் திருத்தியது. ஊர் இதை இன்னும் கேள்விப்படவில்லை. நீங்கள் முழுப் பணத்தையும் கொடுத்து முடித்த மறுவாரம் கேள்விப்படும். எனவே கிரயத்துக்கு முன்பே திருப்பூரிலும் தாராபுரத்திலும் வாழ்க்கைப்பட்டுப் போன எல்லா அத்தைகளின் வீட்டுக்கும் பூ, பழத்தோடு போய் வாருங்கள். “எனக்கென்னங்க தெரியும், அண்ணன் சொன்னா கையெழுத்துப் போட்டுருவேன்” என்பார்கள். பேரம் அப்போதுதான் ஆரம்பிக்கிறது என்று அறிக.

கிரயப் பத்திரத்தைப் பலரும் தங்கள் பேர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு மூடிவிடுவார்கள். கடைசிப் பக்கத்துச் சொத்து விவரத்தைப் படியுங்கள். நான்கெல்லைக்கும் அளவுக்கும் பிறகு, “மாமூல் வழித்தடத்தில் ஆள், கால்நடை, வண்டி வாகனாதிகள் போகவரப் பாத்தியமும், மேற்படி கிணற்றில் பொதுவில் 16இல் 1 பங்கும், மின் மோட்டாரில் முறை வைத்து நீர் இறைத்துக்கொள்ளும் பாத்தியமும்” என்கிற மாதிரி ஒரு நீண்ட வாக்கியம் போகும். மனித முகமே பார்க்கக்கூடாது என்று வந்தவர், பதிவாளர் முத்திரை குத்திய அந்தக் கணத்தில் மீதி 15 பங்குக்காரர்களுக்குப் பங்காளியாகிவிடுகிறார். உங்கள் மோட்டார் முறை ராத்திரி இரண்டு மணிக்கு வரும். மோட்டார் எரிந்துபோனால் காயில் கட்டும் செலவில் உங்கள் பங்கைத்தான் முதலில் கேட்பார்கள். பெல்ட் போட்டவரிடம்தான் ரொக்கம் இருக்கும் என்பது ஊர்க் கணக்கு.

இந்த வம்பே வேண்டாம் என்று ‘ஃபார்ம் லேண்ட்’ மனை வாங்குவோர் உண்டு. பெயர் அழகாகத்தான் இருக்கிறது. அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்கு 2016இல் உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகு இப்படிப் பல பேர்கள் ஊருக்குள் வந்தன. மாமரம் இலவசம் என்பார்கள். வீடு கட்ட அனுமதி கிடைக்குமா என்று கேட்டால் மாமரத்தைத்தான் மறுபடி காட்டுவார்கள்.

அனுமதி என்றதும் நினைவுக்கு வருகிறது. 2024 முதல் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று கொடுத்து இணையத்தில் உடனடியாக அனுமதி வாங்கலாம். உங்களுடையது 21,780 சதுர அடி. ஆசையைப் பெரிதாக வைத்தவர்கள் பழைய வழியில்தான் அலைய வேண்டும். கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின், அதாவது ‘ஹாகா’வின், பட்டியலில் இருந்தால் அலைச்சலுக்குத் தனியாக ஒரு ஜோடிச் செருப்பு வாங்கிக்கொள்ளவும்.

ஆழ்துளைக் கிணற்றுக்கு உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவரை அழையுங்கள். தேங்காய் எழுந்து நிற்கும்; திருச்செங்கோட்டு வண்டி வந்து இறங்கும்; அடிக்கணக்கில் காசு ஓடும். தண்ணீர் வராவிட்டால் “ரெண்டடி தள்ளிப் போட்டிருக்கணும்” என்று சொல்ல ஒருவர் வருவார். முதல் நாளே அவரைத் தேடிப் பிடிப்பது புத்திசாலித்தனம். இதுவரை யாரும் பிடித்ததில்லை.

வீட்டை மண்ணில்தான் கட்டுவீர்கள். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பெயரை மேஸ்திரியிடம் சொல்ல வேண்டாம்; அவர் எந்த ஊர் காண்ட்ராக்டர் என்று கேட்பார். எதிர்த் தோட்டத்துப் பாட்டிக்குக் கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் 3.50 லட்சம் ரூபாய் கிடைத்து, 360 சதுர அடியில் கான்கிரீட் வீடு எழும்பிக்கொண்டிருக்கும். நீங்கள் அதைப்போலப் பத்து மடங்கு செலவழித்து, பூசாத சுவரும் பழைய நாட்டு ஓடும் வைப்பதை அவர் தினமும் வந்து பார்ப்பார். ஒரு நாள் தயங்கித் தயங்கிச் சொல்வார்: “கண்ணு, எங்க ஊட்டு வேலையில நாலு மூட்டை சிமிட்டி மிச்சமிருக்குது. எடுத்துக்க, காசு மெதுவாக் குடு.” மறுக்காதீர்கள். மண் சுவர் பற்றி விளக்கவும் வேண்டாம். முதல் மழைக்குப் பிறகு அந்தச் சிமிட்டி தேவைப்படும்.

வேலை எப்போது முடியும் என்று மேஸ்திரியைக் கேட்கக்கூடாது. ஆடியில் வாசல் நிலவு வைக்க மாட்டார்கள், மார்கழியில் புண்ணியார்ச்சனை கிடையாது. நடுவில் சித்தாளுக்குக் கல்யாணம், கொத்தனார் வீட்டில் இழவு, ஊரில் மாரியம்மன் நோன்பி.

அந்த நோன்பிக்குத் தலைக்கட்டு வரி வாங்க நாலு பேர் நோட்டோடு வருவார்கள். நீங்களும் இப்போது ஒரு தலைக்கட்டு. தொகையில் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள். ஆனால் குழாய் ஸ்பீக்கரை எந்தக் கம்பத்தில் கட்டப்போகிறார்கள் என்பதை ரசீது கிழிப்பதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளவும். கிழித்த பிறகு பேச முடியாது.