ஒரு ரயில் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில்...
சிங்கப்பெருமாள் கோயில்காரர்களுக்கான கணக்குக் கையேடு

ரயில்வே வேலைக்கான தேர்வில் "ஒரு ரயில் மணிக்கு 72 கி.மீ. சீரான வேகத்தில் செல்கிறது" என்று கேள்வி வந்தால் மற்ற ஊர்க்காரர்கள் ரஃப் தாளை இழுப்பார்கள். நம் ஊர்க்காரருக்குச் சிரிப்பு வரும். அடக்கிக்கொண்டு கீழ்க்கண்டபடி செய்யவும்.

1. ஊரை மறக்கவும். ஜிஎஸ்டி ரோடு, பரனூர் டோல்கேட், பொங்கல் முடிந்து ஜனம் சென்னைக்குத் திரும்பும் ராத்திரி எதையும் தேர்வு முடியும்வரை நினைக்காதீர்கள். நம் பாடலாத்ரி நரசிம்மருக்கு நெற்றிக்கண்ணும் உண்டு. அந்த மூன்று கண்ணாலும் தேடினாலும் அந்த ரோட்டில் சீரான வேகம் அகப்படாது.

2. அலகை மாற்றவும். 1000 மீட்டரை 3600 நொடியால் வகுத்தால் 5/18. அதால் 72ஐப் பெருக்க, நொடிக்கு 20 மீட்டர்.

3. நீளத்தைக் கூட்டவும். 240 மீட்டர் ரயில் ஓர் ஆளைக் கடக்கத் தன் நீளம் ஓடினால் போதும்: 12 நொடி. 360 மீட்டர் பிளாட்பாரத்தைக் கடக்க இரண்டு நீளமும் சேரும்: 600 மீட்டர், 30 நொடி. ஒரகடம் ரோடு ரயில்வே கேட்டில் நின்று பழகியவர்கள் 12 நொடியைப் பார்த்ததும் எங்கோ பிசகு என்று அடித்துவிடுவார்கள். அடிக்காதீர்கள். வண்டியை ஆஃப் செய்தது, பின்னால் வந்த பைக்காரர் எதிர்ப்பக்கமாக ஏறிப்போய் முன்னால் நின்றது, கேட் திறந்ததும் இரண்டு பக்கத்து வண்டிகளும் தண்டவாளத்தின் மேலேயே முட்டிக்கொண்டது எதற்கும் மார்க் கிடையாது.

4. சராசரியில் ஏமாறாதீர்கள். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் சுமார் 30 கி.மீ.; ஏறக்குறையப் பாதி வழியில் திருக்கழுக்குன்றம். அதுவரை 30 வேகத்தில் வந்தாயிற்று. மொத்தச் சராசரி 60 ஆக, மீதியை எந்த வேகத்தில் போக வேண்டும்? கை தானாக 90 என்று எழுதும். தப்பு. 90இல் விரட்டினாலும் மீதி 15 கி.மீ.க்குப் பத்து நிமிடம், மொத்தம் 40 நிமிடம், சராசரி 45தான். 60 வேண்டுமென்றால் 30 கி.மீ.யும் அரை மணியில் முடிய வேண்டும். அந்த அரை மணி திருக்கழுக்குன்றத்திலேயே தீர்ந்துபோயிற்று. காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் பறந்து போய்வந்ததாகச் சொல்லப்படும் அவ்வூர்க் கழுகுகளாலும் இனி ஆகாது. அவையும் உச்சிவேளையில் சாப்பாட்டுக்காக மலையில் இறங்கியவைதானே! முன்பாதியில் தொலைத்த நேரத்தைப் பின்பாதியில் ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடிக்க முடியாது.

5. தேர்வு மையத்துக்குக் கிளம்பும் நேரத்தை மட்டும் இந்தச் சூத்திரங்களால் போடாதீர்கள். ஜிஎஸ்டி ரோட்டில் பழம் தின்று கொட்டை போட்ட ஷேர் ஆட்டோக்காரர் ஒருவரைக் கேளுங்கள். "இன்னைக்கு முகூர்த்த நாள் சார், எட்டரைக்கு அங்க இருக்கணும்னா ஆறரைக்கே ஏறிடுங்க" என்பார். வழிமுறையைக் காட்டமாட்டார், விடை சரியாக இருக்கும்.