எந்த ஊர்ப் போட்டி?

கேள்வி: ஆயிரம் கெஜம் தள்ளியிருக்கும் இலக்கைச் சுடும் போட்டியில் ஜெயிக்க எந்த ரீலோடிங் பிரஸ் (தோட்டா நிரப்பும் கருவி) வாங்கலாம்?

பதில்: போட்டி எந்த ஊரில்? இங்கிலாந்தின் பிஸ்லியில், மன்னர் பரிசுக்கு என்றால் காசு மிச்சம். 1860-ல் தொடங்கிய அந்தப் போட்டியில் நடத்துபவர்களே தோட்டா கொடுத்துவிடுவார்கள்.

அமெரிக்கா என்றால் நீங்களே தோட்டா நிரப்பலாம், பர்ஸைத் திறக்கலாம். அங்கே பலருக்குச் செல்லம், ஃபார்ஸ்டர் கோ-ஆக்ஸ் பிரஸ். இதில் டையை, அதாவது தோட்டாக்கூட்டுக்கு வடிவம் தரும் அச்சை, திருகி இறுக்குவதில்லை. முன்பக்கமாகச் செருகினால் சற்றே அசைய இடம் விட்டு நிற்கும். அதனால் டையும் தோட்டாக்கூடும் தாமாகவே ஒரே நேர்கோட்டுக்கு வந்துவிடும். குண்டு கோணலாக உட்காரும் வாய்ப்பு குறைவு. வெடிமருந்து கூடக் குறைய விழுந்தால் மட்டும் பிரஸ்ஸைத் திட்டக் கூடாது, அது தராசின் குற்றம்!

கேள்வி: கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு முழுத் தோட்டா தரும் டில்லான் பிரஸ் இருக்க, ஒவ்வொரு வேலையாகச் செய்யும் பிரஸ் எதற்கு?

பதில்: அவசரம் யாருக்கு? துல்லியம்தான் முக்கியம். துப்பாக்கியை மேசைமேல் தாங்கவைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் வீரர்கள் கையடக்க ஆர்பர் பிரஸ்ஸை மைதானத்துக்கே தூக்கி வந்து, இரண்டு சுற்றுகளுக்கு நடுவே, சற்றுமுன் சுட்ட அதே கூடுகளை ஒவ்வொன்றாக மறுபடி நிரப்புகிறார்கள்.