சித்தம் கலங்குவோர் கவனத்திற்கு

பிரித்தானியாவில் தஞ்சம் கேட்கும் ஈழத் தமிழர்கள், சித்தம் கலங்குவதாக இருந்தால் தயவுசெய்து முறைப்படி கலங்கவும். கண்டபடி கலங்கினால் கேஸ் நிற்காது.

பிடித்துக்கொண்டு போன திகதி, அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், கம்பி முதலில் எங்கே பட்டது என்பதையெல்லாம் உள்துறை அலுவலக இன்டர்வியூவில் சொல்ல வேண்டும். பிறகு தீர்ப்பாயத்திலும் அதையே, எழுத்துப் பிசகாமல். சித்திரவதைப்பட்டவரின் ஞாபகம் சிதறித்தான் இருக்கும் என்று மனநல மருத்துவர் அறிக்கை தருவார். முன்னுக்குப் பின் முரண் என்று அதிகாரி முடிவெழுதுவார். அதற்காக ஒரேயடியாக ஒப்பித்தும் விடாதீர்கள், பாடமாக்கி வந்த ஆள் என்று ஆகிவிடும்.

முதுகைக் காட்டலாமே என்பீர்கள். காட்டினார் ஒருவர். காய்ச்சிய கம்பியால் சுட்ட தழும்புகள். 2014 இல் மேல் தீர்ப்பாயத்துக்கு ஒரு யோசனை போனது: தஞ்சத்துக்காக ஆள் வைத்து, மயக்க மருந்தும் ஏற்றித் தன்னைத்தானே சுடுவித்திருப்பாரோ? இத்தனை கற்பனை உள்ளவர்கள் நீதிபதிகளாக வீணாகிறார்கள். அப்படிச் செய்பவர்கள் மிக மிக அரிது என்று சொல்ல 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வர வேண்டியிருந்தது. அதுவும் வழக்கை மறுபடி விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது.

இன்னொருவரை 2013 இல் அதே மேல் தீர்ப்பாயத்தில் நம்பினார்கள். முழுசாக நம்பினார்கள். இலங்கையில் சித்திரவதைப்பட்டது உண்மை, மனம் உடைந்தது உண்மை, திருப்பி அனுப்பினால் உயிரை மாய்த்துக்கொள்வார் என்பதும் உண்மை. ஆகவே அனுப்பக்கூடாது. ஆனால் அகதி அல்ல! இனிமேல் அங்கே அவரை யாரும் தேடமாட்டார்களாம். இலங்கை முழுவதற்கும் 25 மனநல மருத்துவர்களே வேலையில் இருக்கிறார்கள் என்று எழுதிவைத்ததும் அதே 2013 தீர்ப்புத்தான். அகதி இல்லையென்றால் அதற்கு அடுத்தபடியான துணைப் பாதுகாப்பாவது கிடைக்குமா என்று வழக்கு லக்சம்பர்க் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. அதற்கு இலங்கையில் மருத்துவம் கிடைக்காது என்பது மட்டும் போதாது, அந்த அரசு வேண்டுமென்றே மறுக்கும் என்று காட்ட வேண்டும் என்றது 2018 ஏப்ரல் தீர்ப்பு. ஆமிக்காரனிடம் கடிதம் வாங்கி வரலாம்.

சரி, இத்தனையும் தாண்டி விசா கிடைத்துவிட்டது என்று வையுங்கள். முன்பெல்லாம் ஐந்து வருடம் கழித்து நிரந்தர வதிவிடம் கேட்கலாம். 2025 நவம்பரில் உள்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் அறிவித்த திட்டப்படி, இனி 30 மாதத்துக்கு ஒருமுறை கோப்பைத் திறந்து, ஊர் இப்போது பத்திரமா என்று பார்ப்பார்கள். நிரந்தரம் கேட்க 20 வருடம். நித்திரைக் குளிசை போட்டும் கதவு தட்டும் சத்தத்துக்குத் துடித்தெழும் ஒருவரிடம் இதைச் சொல்லிவிட்டு, கவலைப்படாமல் சுகமாகுங்கள் என்று மருத்துவரிடமும் அனுப்புவார்கள். வெட்கம் என்று ஒன்று அந்த அலுவலகத்தில் இருந்ததற்கு ஆவணம் ஏதும் உண்டா?

ஊர் பத்திரமா என்று அறிய 30 மாதம் பொறுக்கத் தேவையில்லை. விசாரணையின்றி அடைத்து வைக்க இலங்கை அரசு கையில் வைத்திருக்கும் பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 இல் வந்தது. நீக்குவோம் என்று ஆட்சிக்கு ஆட்சி வாக்குக் கொடுத்தார்கள். நீக்கவில்லை.