கேலரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்

சிட்னியிலும் மெல்பர்னிலும் கேலரியில் உட்காரும் நம் தமிழ் ரசிகர்களுக்கு இணையான ஆட்ட ஞானம் வேறு யாருக்கும் இல்லை. சிட்னியின் வென்ட்வொர்த்வில்லில் ரயில் ஏறும்போதே ஃபீல்டிங் நிறுத்தி முடித்துவிடுவார்கள். டாஸ் போடுவதற்குள் அணியில் நாலு பேர் மாறியிருப்பார்கள். 2024 டிசம்பரில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய மெல்பர்ன் டெஸ்டை ஐந்து நாளில் 3,73,691 பேர் பார்த்தார்கள். பிராட்மன் காலத்துச் சாதனையையே முறியடித்த கூட்டம். அத்தனை கேப்டன்கள் ஒரே இடத்தில் கூடியதும் அதுவே முதல் முறை.

அவர்களுடைய ஞாபக சக்தியைச் சொல்லி மாளாது. 2004இல் இதே சிட்னியில் டெண்டுல்கர் கவர் டிரைவை மூட்டை கட்டி வைத்துவிட்டு 241 எடுத்தது பந்துக்குப் பந்து நினைவிருக்கிறது. அதனால்தான் கோலி வெளியே போகிற பந்தை விட்டால் "அடிக்க வேண்டியதுதானே" என்பார்கள், தொட்டு ஸ்லிப்பில் கொடுத்தால் "விட வேண்டியதுதானே" என்பார்கள். அதே தொடரின் சிட்னி டெஸ்டில் ஆஸ்திரேலியாவின் போலண்ட் கோலியை இரண்டு இன்னிங்ஸிலும் அப்படித்தான் எடுத்தார். இரண்டு முறையும் நம் ஆட்கள் சொன்னதே பலித்தது.

நீதி தவறாதவர்கள் என்பதற்கு ரிஷப் பந்த் சாட்சி. மெல்பர்ன் கடைசி நாள், மதிய உணவிலிருந்து தேநீர் வரை அவரும் ஜெய்ஸ்வாலும் ஒரு விக்கெட்டும் விடாமல் நின்றார்கள். கேலரிக்குத் தாங்கவில்லை: "கட்டை போட்டே கொல்றான், ஹெட் பந்தையாவது தூக்கு." தேநீருக்குப் பிறகு அவர் ஹெட்டின் பந்தைத் தூக்கினார், லாங் ஆனில் கேட்ச். "இந்த நேரத்தில் இந்த ஷாட் தேவையா?" என்று முதலில் கேட்டதும் தூக்கச் சொன்ன குரல்தான். 121க்கு 3 என்றிருந்த அணி 155இல் சுருண்டது. சிட்னியில் உடம்பெல்லாம் அடி வாங்கி 98 பந்தில் 40 எடுத்தார், கொட்டாவி விட்டார்கள். மறுநாள் 33 பந்தில் 61 விளாசினார், "இதைத்தான் அன்றைக்கே சொன்னேன்" என்றார்கள். உண்மைதான், எல்லாவற்றையும் அன்றைக்கே சொல்லியிருந்தார்கள்.

சொந்த ஊர்ப் பாசத்திலும் குறை சொல்ல முடியாது. அடிலெய்டில் அஷ்வினுக்கு ஒரு விக்கெட் கிடைத்தபோது "இவரை ஏன் எடுத்தார்கள்" என்று கேட்டவர்கள், பிரிஸ்பேனில் 537 விக்கெட்டோடு அவர் விடைபெற்ற அன்று "இவரை ஏன் உட்கார வைத்தார்கள்" என்று கண் கலங்கினார்கள்.

இதற்கெல்லாம் மேலே வைத்துப் போற்ற வேண்டியது பந்து வீச்சைப் பற்றிய அவர்களின் ஒற்றை யோசனை. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும், பந்து புதிதோ பழையதோ, எதிரணிக் கூட்டணி நிலைத்துவிட்டால் கேலரியிலிருந்து ஒரே பெயர்தான் எழும்: பும்ரா. மூன்று ஓவருக்கு முன்புதான் நீண்ட ஸ்பெல் முடித்து ஃபைன் லெக்கில் குனிந்து நிற்கிறார் என்பதெல்லாம் இவர்களின் அன்பைத் தடுக்காது. மற்ற பந்து வீச்சாளர் ஓடி வரும்போதே அந்தப் பெயரைச் சொல்லி உற்சாகப்படுத்துவார்கள். மெல்பர்னில் மட்டும் அவர் போட்டது 53.2 ஓவர், தொடர் முழுவதும் 151.2 ஓவர், 32 விக்கெட். மறுமுனையில் ரன்னைக் கட்டிப்போட ஆள் வேண்டும், வேகப் பந்து வீச்சாளனின் முதுகுக்கு ஓய்வு வேண்டும் என்ற சில்லறைக் கணக்குகளை அவர்கள் அணி நிர்வாகத்திடம் விட்டுவிட்டார்கள். நிர்வாகமும் பெருந்தன்மையாக அவற்றைக் கேலரியிடமே விட்டது.

சிட்னியில் இரண்டாம் நாள் மதிய உணவுக்குப் பிறகு ஒரே ஓவரோடு முதுகுப் பிடிப்போடு பும்ரா வெளியேறினார். ஜனவரி 5, மூன்றாம் நாள். ஆஸ்திரேலியாவுக்கு 162 வேண்டும். 2017 முதல் நம்மிடம் இருந்த பார்டர்-கவாஸ்கர் கோப்பை கைமாறப் போகிறது. பும்ரா பந்து வீச வரவில்லை. அப்போதும் கேலரியிடம் யோசனைக்குப் பஞ்சமில்லை: "ஊசி போட்டாவது ஒரு நாலு ஓவர் வீசச் சொல்லுங்கப்பா."