37-ஆம் வரிசை எழுதிக்கொள்வது

கீழ்பென்னாத்தூர்

தேசிய மருத்துவ ஆணையத்துப் பெரியவர்களுக்கு,

அறுவைச் சிகிச்சை மேற்படிப்பு ஆய்வேடு ஒன்றின் மாஸ்டர் சார்ட்டில், அதாவது நோயாளிகளின் பட்டியலில், 37-ஆம் வரிசை எழுதிக்கொள்வது. நலம். இடது காலில் இரண்டு விரல்கள் மட்டும் நலமில்லாமல் இருந்தன. இப்போது அவையே இல்லை.

சர்க்கரைப் புண்ணோடு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, எம்.எஸ். படிக்கும் தம்பி ஒருவர் தாளோடு வந்தார். "அய்யா, பீடி உண்டா? சர்க்கரை எத்தனை வருசமா?" எல்லாம் கேட்டெழுதிக் கைநாட்டும் வாங்கினார். பாதிப் பேருக்குத் தேன் வைத்துக் கட்டு, மீதிப் பேருக்கு வெறும் சலைன். எனக்குத் தேன். வாய்க்குத்தான் தடை, காலுக்காவது கிடைத்ததே! நைட் டூட்டி முடித்த கண்ணோடு அந்தப் பிள்ளை தினமும் புண்ணை ஸ்கேல் வைத்து அளந்தது. கடைசியில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லையாம். 'பி' மதிப்பு 0.05-ஐத் தாண்டியதும் தம்பி முகம் வாடிய வாட்டம், விரலை எடுத்தபோது எனக்கே இல்லை. இப்படி வந்த முடிவை மருத்துவ இதழ்கள் லேசில் போடாதாமே! தேன் வாங்கப் போகிற அடுத்தவனுக்கு இதுதானே முதலில் தெரிய வேண்டும்?

பரீட்சைக்கு ஆறு மாதம் முன்பே ஆய்வேடு வந்தாக வேண்டும் என்பதில் நீங்கள் கறார். பரீட்சை எழுத ஆய்வுக் கட்டுரையும் ஒன்று வேண்டும் என்ற விஷயத்தில் உங்களுக்கு முன்னிருந்த மருத்துவக் கவுன்சில் வள்ளல்: வெளியாகியிருக்கலாம், ஏற்கப்பட்டிருக்கலாம், அதுவுமில்லையா, அனுப்பியிருந்தாலே போதும். கல்யாணம் முடிந்ததையும், நிச்சயமானதையும், ஜாதகம் கொடுத்தனுப்பியதையும் ஒரே கணக்கில் வைத்தால் எங்கள் ஊரில் பெண்ணைப் பெற்றவர் செருப்பைத் தேடுவார்.

டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் ஆய்வேடுகளை இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது, புண்ணியம். நர்சிங் படிக்கும் பேத்தி தேடினாள். சர்க்கரைக் கால் பற்றி மட்டுமே எத்தனையோ! அவரவர் காலை அவரவர் எண்ணியிருக்கிறார்கள். மல்லாட்டையை வீட்டுக்குள் எத்தனை மூட்டை அடுக்கினாலும் என்ன? மார்க்கெட் கமிட்டிக்குப் போய், வியாபாரி நாலு காயை உடைத்துப் பார்த்தால்தானே சொத்தை தெரியும்.

இப்படிக்கு,
37

பி.கு.: மாஸ்டர் சார்ட்டில் என் வரிசைக்கு நேரே, மூன்றாம் மாதம், 'லாஸ்ட் டு ஃபாலோ அப்' என்று இருக்கிறதாம். நான் எங்கும் தொலையவில்லை. காலை ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில்தான் இருக்கிறேன். சர்க்கரை இல்லாமல்.