ஐந்து வெள்ளி விண்டோஸும் ஓசிப் பெங்குவினும்

உலகத்தைப் புரட்டிய காரியங்களில் ஒன்றாவது தவணைக் கடனில் தொடங்கியிருக்கிறது. 1991 ஜனவரியில் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயதுப் பிள்ளை தவணையில் ஒரு 386 கணினி வாங்கினார். மினிக்ஸ் என்ற இயங்குதளம் வந்து சேரும்வரை பிரின்ஸ் ஆஃப் பெர்சியா ஆடிப் பொழுதைக் கழித்தார். பிறகு பல்கலைக்கழகக் கணினியை மோடம் வழியாகப் பிடிக்க ஒரு நிரல் எழுதினார். அது வளர்ந்து இயங்குதளமாகிவிட்டது. இது சும்மா பொழுதுபோக்குதான், பெரிதாக ஒன்றும் வராது என்று ஆகஸ்ட் 25-இல் ஊருக்கும் சொல்லிவைத்தார்.

ஒருநாள் மோடம் என்று நினைத்து ஹார்டு டிஸ்கையே டயல் செய்தார். மறுமுனையில் யாரும் எடுக்கவில்லை, மினிக்ஸ்தான் பரலோகம் போனது. சரி, இனி நம் சரக்கே கதி என்று துணிந்தார். ஃப்ரீக்ஸ் என்று பெயர் வைக்க அவருக்கு ஆசை. கோப்புகளை ஏற்றிவைத்த நண்பர் ஆரி லெம்கே, கேட்காமலே ‘லினக்ஸ்’ என்று எழுதிவிட்டார். மினிக்ஸை எழுதிய பேராசிரியர் டானன்பாமோ, 1992 ஜனவரியில், இது காலாவதியான சரக்கு, நீ என் மாணவனாக இல்லாதது உன் நல்ல காலம் என்ற பாணியில் ஆசீர்வதித்தார். அமெரிக்காவில் கட்டற்ற மென்பொருள்காரர் ஸ்டால்மனின் கூட்டம் இதே வேலைக்கு 1990-இல் தொடங்கிய ஹர்டு கர்னலுக்கு 1.0 பதிப்பு இன்னும் வரவில்லை. அவசரம் ஒன்றுமில்லை.

லினக்ஸின் சின்னமான பெங்குவின், மலேசியாவில் எங்கள் துணிக்கடை ஊரான தங்காக்குக்கு வந்தபோது ஒரு சிக்கல். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் திருட்டு விண்டோஸ் குறுந்தட்டு அப்போது ஐந்து வெள்ளி. ஐந்து வெள்ளிக்குச் சகலமும் கிடைத்த ஊரில் ‘இலவசம்’ என்றால் எவன் திரும்பிப் பார்ப்பான்? துணிக்கடை முதலாளியிடம் போய்ச் சொன்னால்:

“லைசென்ஸ் எவ்வளவு தம்பி?”

“ஒரு காசும் வேணாம்ணே.”

“அப்ப இதுல ஏதோ வில்லங்கம் இருக்குலா.”

வில்லங்கம் இருக்கத்தான் செய்தது. ஊருக்கு மேலே நிற்கும் லேடாங் மலையின் இளவரசி, பெண் கேட்ட மலாக்கா சுல்தானிடம் தங்கப் பாலம், வெள்ளிப் பாலம், ஏழு தட்டு கொசு இதயம், கடைசியில் மகனின் ரத்தம் என்று சீர் கேட்டாள். அன்றைய லினக்ஸும் அதே குலம்தான். திரையில் படம் வரவேண்டுமா? மானிட்டரின் கிடை அதிர்வெண் சொல், 31.5 முதல் 48.5 கிலோஹெர்ட்ஸா? தப்பாகச் சொன்னால் மானிட்டர் புகையலாம். சவுண்ட் கார்டுக்கு ஐஆர்க்யூ எத்தனை, 5-ஆ, 7-ஆ? மோடம் என்றால் இன்னும் கொடுமை. மலிவு ‘வின்மோடம்’ தன் வேலையில் பாதியை விண்டோஸ் தலையில் கட்டியிருக்கும். லினக்ஸில் அதற்கு டிரைவர் வேண்டும். டிரைவர் இணையத்தில் இருக்கும். இணையத்துக்குப் போக 1515-ஐ டயல் செய்ய மோடம் வேண்டும்.

மகனின் ரத்தம் என்றதும் சுல்தான் பின்வாங்கினார். நம் பையன்கள் பின்வாங்கவில்லை. காசு மிச்சமாகும் என்று இங்கே யாரும் லினக்ஸுக்கு மாறவில்லை. மாறியவன் எல்லாம் ‘என் பொட்டி நான் சொன்னபடி கேட்கணும்’ என்ற வீம்பில் மாறினான். துணி எடுக்க ஊரெல்லாம் தங்காக்குக்கு வரும். கணினிக்கு ராம் வாங்கத் தங்காக் கோலாலம்பூர் லோ யாட் கணினி வளாகத்துக்குப் பஸ் ஏறும். 2004-இல் அரசாங்கமும் பொதுத்துறைக்கு ஓப்பன் சோர்ஸ் பெருந்திட்டம் வகுத்தது. கூட்டம் கூட்டித் தே தாரிக் குடித்து எடுத்த முடிவை நம் பையன்கள் ஸ்டோர் ரூமில் என்றைக்கோ எடுத்திருந்தார்கள்.

ஸ்டோர் ரூமில்தான் வீட்டு சர்வர் பிறந்தது. ஆபீசில் கழித்துக் கட்டிய பென்டியம், அதில் டெபியன் லினக்ஸ், கோப்புப் பகிர சாம்பா. கேஸின் பக்கத் தகடு கழன்றே கிடக்கும், காற்று வரட்டும் என்று. அன்றைய ஸ்ட்ரீமிக்ஸ் இணைய இணைப்பு அறுந்து ஒட்டும்போதெல்லாம் ஐபி முகவரி மாறும். இடி இடித்தால் கொடியில் காயும் துணியை எடுப்பதற்கு முன் மோடம் வயரைக் கழற்ற ஓடவேண்டும். 2012 பிப்ரவரி 29-இல் 35 டாலர் ராஸ்பெரி பை வந்தபிறகு சர்வர் பிஸ்கட் டப்பாவுக்குள் அடங்கியது. வீம்பு மட்டும் அடங்கவில்லை.

“அந்தப் பொட்டிய அடைச்சா கரண்டு பில்லு மிச்சமாகும்லா” என்று அம்மாக்கள் மாதாமாதம் சொல்வார்கள். பதிவு செய்த சீரியல் அதில் ஓடுகிற வரைக்கும் யாரும் ஸ்விட்ச் பக்கம் போகமாட்டார்கள்.