பொட்டியைத் தொற, நைனா!

டில்லிக்குப் போறியாமே, கண்ணு? அங்கேர்ந்து மணாலி, பனி பாக்கறதுக்கு. அப்பால கோவா, கடல் பாக்கறதுக்கு. காசிமேட்டுக் கடலு உனக்குப் பத்தல போல. சரி, போய்ட்டு வா, நான் வாணாங்கல. ஆனா வாசல்ல நிக்குதே அது இன்னா, ஊருக்குப் போற பொட்டியா, கல்யாண வூட்டு சீர்வரிசையா?

நான் கொருக்குப்பேட்ட கூட்ஸ் ஷெட்ல மூட்ட தூக்கின ஆளு. ஒரு தபா தூக்கிப் பாத்தா போதும், எத்தினி கிலோன்னு சொல்லிடுவேன். உன் பொட்டி இருவதைத் தாண்டுது. ஏரோப்ளேன்ல கையோட 7 கிலோ, அடியில போடறதுக்கு 15 கிலோ. பொதுவா அதான் கணக்கு. அதுக்கு மேல கிலோவுக்கு இவ்ளோன்னு துட்டு கறந்துருவான். ரயிலு ஸ்லீப்பர்ல போனா 40 கிலோ வரைக்கும் சும்மா வுடுவான். நீ தான் ரயிலுன்னா மூஞ்சிய சுளிக்கிறியே.

தொற. உள்ள இன்னா கீதுன்னு பாப்போம்.

இன்னாது இது, முட்டி வரைக்கும் தொங்கற கோட்டு? "ஏர்போர்ட் லுக்கு தாத்தா"ன்றே. சினிமாக்காரங்க ஏரோப்ளேன் ஏற வந்தா கேமராக்காரன் வாசல்லயே குந்திகினு கீறான். அவங்க பந்தாவா நடக்கறாங்க, அவங்களுக்கு அது தொழிலு. உன்ன எவன் புடிக்கப் போறான்? சி.ஐ.எஸ்.எஃப். காரன் ஒருத்தன் தான் உத்துப் பாப்பான். பாத்துட்டு இன்னா சொல்வான்? கோட்டக் கழட்டு, பெல்ட்டக் கழட்டு, ஷூவக் கழட்டுன்னுவான். இதுக்கா ரெண்டு மணி நேரம் கண்ணாடி முன்னால நின்னே?

அடுத்தது இன்னா? முட்டியில ஓட்ட போட்ட ஜீன்ஸு. மணாலிக்கு! நம்ம ஊரு ஜனங்களப் பாரு. மார்கழியில 20 டிகிரிக்கு எறங்கினாலே காதுல பஞ்சு வெச்சிகினு மங்கி குல்லா மாட்டிக்கிறோம். நீ மைனஸ்ல நிக்கப் போறே, அதுவும் ஓட்ட ஜீன்ஸோட. பனி உள்ள பூந்து குசலம் விசாரிக்கட்டும்னு வழி வுட்டியா? அந்தத் துணி நனைஞ்சா கனம் ரெட்டிப்பாவும், காயறதுக்கு ஒரு நாளு ஆவும். குளிர்ல ஈரப் பருத்தி ஒடம்ப ஒட்டினா இருக்கற சூட்டையும் உறிஞ்சிடும். நம்ம வெயிலுக்குப் பருத்தி சாமி. பனியில அதே பருத்தி எமன். ஊரு மாறினா துணியோட கொணமும் மாறும்.

"அதான் தாத்தா, மெத்தை கணக்கா ஒரு ஜாக்கெட் வாங்கிகீறேன்"ன்றியா? எவ்ளோ? பன்னெண்டாயிரமா! அடி ஆத்தி. அத்த வித்த கடைக்காரன் பேரு ஞாபகம் வெச்சிக்க, அவன் பொழைக்கத் தெரிஞ்சவன். குளிர வெரட்டறது துணி இல்ல கண்ணு. துணிக்கும் துணிக்கும் நடுவுல மாட்டிகினு நிக்கிற காத்து. அதனால தடியா ஒண்ணு போடறதை வுட மெல்லிசா மூணு போடறது மேல். உள்ள ஒடம்போட ஒட்டி ஒண்ணு, அதுக்கு மேல கம்பளி, அதுக்கும் மேல காத்து பூராத ஒரு மேல்சட்டை. மத்தியானம் வெயில் அடிச்சா ஒண்ணொண்ணாக் கழட்டு. ராவுல திரும்ப ஏத்து. கம்பளி கொஞ்சம் ஈரமானாலும் சூட்டை வுடாது, அதான் ஆட்டுக்கே அத்த மாட்டி வுட்டுகீறான் ஆண்டவன்.

கம்பளி எங்க கெடைக்கும்னு மால் மாலா அலையாத. குளிர் காலம் வந்தா திபெத்துக்காரங்க ஊரு ஊரா ரோட்டோரம் ஸ்வெட்டர் கடை போடுவாங்க. இமயமலைக் குளிரு தெரிஞ்சவங்க அவங்க. உன் கைபேசியில துணி காட்டற அழகுப் பொண்ணுக்குத் தெரியுமா அந்தக் குளிரு? அப்பால இன்னொண்ணு. மணாலியில பனி பாக்கப் போற வழியெல்லாம் முழு உடுப்பும் பூட்ஸும் வாடகைக்குத் தருவாங்க. ஒரு நாளு போடறதுக்கு ஒரு மாசச் சம்பளமா? வாடகைக்கு எடு, பல்லக் காட்டி போட்டோ புடி, திருப்பிக் குடு.

குளுரைப் பத்தி மெட்ராஸ்காரன் கணக்கு போட்டா இன்னா ஆவும்னு ஒரு கதை சொல்றேன், கேளு. இது உதாரு இல்ல, மெய்யாலுமே நடந்தது. 1893ல விவேகானந்தர சிகாகோவுக்கு அனுப்பணும்னு திருவல்லிக்கேணி அளசிங்கப் பெருமாளும் அவரு கூட்டாளிங்களும் வூடு வூடா ஏறி எறங்கி துட்டு சேத்தாங்க. தங்கமான மனுசங்க. கேத்ரி ராஜா பட்டு அங்கி குடுத்தாரு. மே 31 பம்பாய்ல கப்பல் ஏறினாரு சாமி. ஜப்பான் சுத்தி கனடாவுல வான்கூவர்ல போய் எறங்கினாரு. கப்பல்லயே நடுக்கம். ஏன்? நல்ல கம்பளித் துணி ஒண்ணும் கையில இல்ல. இத்தினி பேரு துட்டு குடுத்தாங்களே, "அங்க குளுருமே"ன்னு ஒருத்தருக்காச்சும் தோணிச்சா? எப்பிடித் தோணும்? மெட்ராஸ் மே மாசத்துல குந்திகினு யோசிச்சா ஒலகமே வெயிலாத் தான் தெரியும். ஆகஸ்ட்டுல அமெரிக்காவுலேர்ந்து அளசிங்கருக்கு லெட்டர் எழுதினாரு, குளிர் துணிக்குத் துட்டு வோணும்னு. ஒலகத்தையே கலக்கின மனுசன் கதையே இது. நீ எம்மாத்திரம்? அதனால போற ஊருல இப்போ இன்னா குளிருன்னு அங்க இருக்கறவனக் கேளு. உன் ஜன்னலத் தொறந்து பாத்து முடிவு பண்ணாத.

இதுல நீ ஒரு குறுக்குக் கேள்வி கேப்பே, எனக்குத் தெரியும். "காந்தி அரைத்துணியோட லண்டன் போகலியா?" போனாரு. 1921 செப்டம்பர் 22 மதுரையில தான் அந்த அரைத்துணியக் கட்டினாரு. பத்து வருசம் கழிச்சி, 1931ல, அதே கோலத்துல பக்கிங்ஹாம் அரண்மனையில ராஜாவையே போய்ப் பாத்தாரு. சரி. ஆனா தோள்ல போத்தியிருந்த சால்வைய ஏன் மறந்துட்டே? அவரு கூட போத்திகினு தான் போனாரு ராசா.

"காமராஜர் வேட்டி சட்டையோட ரஷ்யா போனாரே?" அதுவும் நெசம் தான், 1966ல. அவரு எந்த மாசம் போனாருன்னு கேட்டியா? ஜூலை! அங்க கோடை காலம். மேடை மேடையா அந்தக் கதைய சொல்றவன் எவனும் மாசத்த மட்டும் சொல்ல மாட்டான். பெரிய மனுசங்க கதையில நமக்கு வோண்டியது அவங்க துணி இல்ல கண்ணு, அவங்க காலண்டரு.

சரி, கம்பளி முடிஞ்சிது. இன்னா, கீழ ஒம்போது சட்டை? ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேண்ட்டு? ஒவ்வொரு பேண்ட்டுக்கும் ஒரு செருப்பா? என் பேத்தி சொல்லுது, இத்தக் கொறைக்கறதுக்கு "கேப்சூல் வார்ட்ரோப்"னு ஒரு வித்தை கீதாம். 1970கள்லயே லண்டன்ல துணிக்கடை வெச்சிருந்த சூசி ஃபாக்ஸ்னு ஒரு அம்மா சொல்லிச்சாம். கொஞ்சம் துணி எடு, ஒண்ணோட ஒண்ணு சேர்றாப்பல எடு, மாத்தி மாத்திப் போடு. அவ்ளோ தான் வித்தை. கேட்டுட்டு நான் சிரிச்ச சிரிப்புல வாயில இருந்த பாக்கு எகிறிச்சு. ரெண்டு வேட்டி, ரெண்டு சட்டை, ஒரு துண்டுல ஆயுசையே ஓட்டின எங்கப்பாரு இன்னா மாத்திரையா முழுங்கினாரு? அவருக்குத் தெரிஞ்சத இப்போ துட்டு குடுத்துக் கத்துக்கறீங்க.

ஆனா அந்த அம்மா சொன்னது தப்பில்ல. கேட்டுக்க. மூணு பேண்ட்டு, அஞ்சு சட்டை. எந்த சட்டைய எடுத்தாலும் எந்தப் பேண்ட்டுக்கும் ஒத்துப் போவணும். கறுப்பு, நீலம், சாம்பல்னு அடக்கமான கலரு பேண்ட்டுக்கு. சட்டையில உன் ஆட்டத்தை எல்லாம் ஆடிக்க, யாரு கேக்கறா? ஜட்டி, பனியன், சாக்ஸ் இதுல மட்டும் கஞ்சத்தனம் பாக்காத. சட்டைய மறுநாளும் போட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. சாக்ஸை மறுநாளும் போட்டா பஸ்ஸுக்கே தெரியும்.

"தினம் ஒரே சட்டையா? போட்டோல இன்னா நெனைப்பாங்க?"ன்றியா. நெனைக்க அவனுக்கு நேரம் ஏது நைனா? அவன் அவனோட போட்டோவப் பாத்துகினு கீறான். கந்தையானாலும் கசக்கிக் கட்டுன்னு சொல்லி வெச்சாங்க. போட்டோ புடிச்சிக் கட்டுன்னு சொல்லல.

கசக்கறதுன்னதும் ஞாபகம் வருது. கும்பினிக்காரன் கப்பல்ல ஏத்தற துணிய வெளுக்கறதுக்குன்னே வண்ணாரப்பேட்டை வந்த ஊரு இது. அந்த ஊருப் புள்ளைக்கு ஒரு சட்டைய அலசத் தெரியல! புதுத் துணிய, அதுவும் செவப்பு, கருநீலம் எல்லாம், ஊருக்குப் போறதுக்கு முன்னயே தனியாப் பச்சத் தண்ணியில ஒரு தபா அலசிப் பாரு. இல்லேன்னா இன்னா ஆவும்? 1958ல நடந்துச்சே! ஜேக்கப்சன்னு ஒரு அமெரிக்க வியாபாரி பம்பாய்க்கு வந்து, கேப்டன் கிருஷ்ணன் நாயருகிட்ட மெட்ராஸ் கட்டம் போட்ட துணிய வாங்கினு போனான். ஆமா, பின்னால லீலா ஓட்டல் கட்டினாரே, அவரே தான். "பச்சத் தண்ணியில பதமா அலசணும், சாயம் போவும்"னு சொல்லித் தான் குடுத்தாரு. அந்த சேதி நியூயார்க்கு புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போய்ச் சேரல. வாங்கினவன் எல்லாம் மெஷின்ல போட்டு சோப்பு ஊத்தி அடிச்சான். சாயம் கழண்டு ஓடிச்சு. ஒரே ரகளை. அப்பால இன்னா பண்ணாங்க தெரியுமா? "சாயம் போவும்னு உத்தரவாதம்"னே வெளம்பரம் பண்ணி, அதையே ஸ்டைலாக்கி வித்தாங்க! சாயம் போன துணிக்கு அமெரிக்காக்காரன் கியூ கட்டி நின்னான். ஸ்டைலுன்றதோட யோக்கியதை இன்னான்னு இப்போ புரியுதா? நேத்து பொகாரு, இன்னிக்கு ஃபேஷனு. ஆனா உன் ஒரே வெள்ளை சட்டை ஓட்டல் பக்கெட்டுல செவந்து போச்சுன்னா அத்த ஃபேஷனுன்னு எவனும் ஒத்துக்க மாட்டான்.

கோவாவுக்கு இன்னா வெச்சிகீறே? ஒடம்ப இறுக்கற பாலியஸ்டர் டீ-ஷர்ட்டு. கண்ணு, 2003 மே 31 இந்த மெட்ராஸ்ல 45 டிகிரி அடிச்சிது. அந்த வெயில்லயும் வேகன்லேர்ந்து சரக்கு எறங்கிச்சு. எங்க ஒடம்புல இன்னா இருந்துச்சு? தொளதொளன்னு ஒரு பருத்தி சட்டை, தலையில துண்டு. கடலோர ஊருல காத்துலயே ஈரம் ஊறிக் கெடக்கும், வேர்வை லேசுல காயாது. துணிக்கும் ஒடம்புக்கும் நடுவுல காத்து பூந்து வரணும், இல்லேன்னா வேர்க்குரு தான் மிச்சம். இதே ராஜஸ்தானம்னா வேற கதை. அங்க வறண்ட வெயிலு. அந்த ஊருக்காரன் கை முழுக்க மூடி, தலையில முண்டாசு கட்டிகினு கீறான். ஏன்? வெயிலு தோல்ல படக்கூடாது.

போற எடத்துல பரம்பரையா கீறவன் இன்னா போட்டுகீறான்னு பாரு, அதான் பாடம். ஊட்டித் தோடருங்க புத்துக்குளின்ற சால்வையப் போத்திகினு தான் அந்த மலைக் குளிரத் தாங்கினாங்க. சிரபுஞ்சிப் பக்கம் காசின்ற மலை ஜனங்க மூங்கிலும் எலையும் வெச்சி முடைஞ்ச க்னுப்புன்ற மழைக்கூடைய முதுகுல கவுத்துகினு மழையில வேலை பாக்கறாங்க, ரெண்டு கையும் சும்மா இருக்கும். நீ இன்னாடான்னா ஒரு கையில கொடை, ஒரு கையில செல்ஃபி குச்சி. வழுக்கினா எந்தக் கையில புடிப்பே?

இப்போ நான் சொல்றத எழுதிக்க. கனமான ஷூவையும் ஜாக்கெட்டையும் ஒடம்புல மாட்டிகினு ஏறு, பொட்டியில வெக்காத. டில்லியிலயும் ஜனவரி ராவுல 4, 5 டிகிரிக்கு எறங்கும், அதனால கம்பளிய அடியில பொதைக்காத, மேலயே வை. காத மூடற குல்லா ஒண்ணு. அசிங்கமா இருந்தாலும் பரவால்ல, சளி மூக்கு அத்த வுட அசிங்கம். துண்டு ஒண்ணு, கைலி ஒண்ணு. வெக்கப்படாத. கைலி துணி மாத்த மறைப்பு, படுத்தா போர்வை, கடல்ல குளிச்சா மாத்து. நம்ம மெட்ராஸ் துறைமுகத்துலேர்ந்து கட்டம் போட்ட துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயி, நைஜீரியாவுல கலபாரி ஜனங்க அத்த நல்ல நாளு கெட்ட நாளுக்கெல்லாம் கௌரவமாக் கட்டறாங்க. உனக்குத் தான் அது கேவலமா கீது.

எல்லாம் வெச்சாச்சா? மூடு. இப்போ அத்த நீயே தூக்கு. சக்கரத்த உருட்டாத, நம்ம சந்துல உருண்டா அது ரோட்ட வுட்டு கால்வாய்க்குத் தான் போவும். கையில தூக்கினு கொருக்குப்பேட்ட ஸ்டேஷன் படிக்கட்டு ஏறி, அந்தாண்ட எறங்கி, திரும்பி வா. மூச்சு வாங்காம வந்தியா, நீ எந்த ஊருக்கும் போலாம். நடுவுல பொட்டிய எறக்கி வெச்சியா, வூட்டுக்கு வந்து பாதிய பீரோவுல திருப்பி வை.

ஊருக்கு ஏத்த துணி, தோளுக்கு ஏத்த பொட்டி. இதுக்கு மேல ஒரு ஸ்டைலு கீதுன்னு எவனாச்சும் உனக்குச் சொன்னான்னா, அவன் உன்கிட்ட எதையோ விக்க வந்துகீறான்னு அர்த்தம்.